கறுப்பின வேட்பாளர் தோற்றால் நிறம்தான் காரணமா?

செந்தூரன்
அமெரிக்காவில் ஒரு கறுப்பின வேட்பாளர் தோற்றுவிட்டால் போதும், 'இனவெறி' என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

எல்லோரும் முதலில் இழுப்பது டாம் பிராட்லியை. லாஸ் ஏஞ்சலிஸ் மேயராக இருந்தவர். 1982-ல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்றார். கருத்துக்கணிப்புகளில் முன்னிலையில் இருந்தவர், கடைசியில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டியூக்மேஜியனிடம் ஒரு சதவீதத்துக்குச் சற்று கூடுதலான வித்தியாசத்தில் தோற்றார். வெள்ளையர்கள் கணிப்புக்காரரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, வாக்குச்சாவடியில் வேறொன்றைச் செய்தார்கள் என்று விளக்கம் சொல்லி, அதற்கு 'பிராட்லி விளைவு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்குச் சாவடிக்கு நேரில் வந்து போட்டவர்களின் வாக்கில் பிராட்லிதான் முந்தினார். அவரைக் கவிழ்த்தவை தபால் வாக்குகள். குடியரசுக் கட்சி அந்த முறை தபால் வாக்குக்காகவே தனியாக வேலை பார்த்தது. கைத்துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய வாக்கெடுப்பும் அதே நாளில் நடந்தது. அதை எதிர்க்கக் கிளம்பி வந்த கூட்டம் குடியரசுக் கட்சிக்குத்தான் போட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இதில் நிறத்தை எங்கே கண்டுபிடிப்பது?

வானதி
பிராட்லி விஷயத்தில் நீங்கள் சொல்லும் தகவல்கள் சரி. ஆனால் 1989-ல் வர்ஜீனியாவில் டக்ளஸ் வைல்டர் என்ற கறுப்பின வேட்பாளருக்கும் இதுதான் நடந்தது. கணிப்புகளில் வசதியான முன்னிலை. கடைசியில் அரை சதவீதம்கூட இல்லாத வித்தியாசத்தில் தப்பித்து ஆளுநரானார். அங்கே துப்பாக்கி வாக்கெடுப்பு எதுவும் இல்லை.

அதைவிட, 'வாக்காளர் பொய் சொன்னாரா' என்ற கேள்வியே மிகவும் குறுகியது. 'கறுப்பருக்குப் போட மாட்டேன்' என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டு வருபவர்கள் இன்று குறைவு. 1958-ல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது, தகுதியுள்ள கறுப்பின வேட்பாளரைக் குடியரசுத் தலைவராக ஏற்பேன் என்றவர்கள் 38 சதவீதம்தான். பிற்காலக் கணிப்புகளில் அது 90-ஐத் தாண்டிவிட்டது. எனக்குக் கவலை தருவது வேறு. வாக்காளர் ஒரு வேட்பாளரை எப்படிப்பட்டவராகப் பார்க்கிறார் என்பதிலேயே நிறம் புகுந்துவிடுகிறது. முடிவு அதற்கு அப்புறம்தான் வருகிறது, அதனால் அவருக்கே அது நியாயமான முடிவாகத் தெரிகிறது.

2009-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒபாமாவின் புகைப்படங்களை மாணவர்களுக்குக் காட்டினார்கள். சில படங்களில் தோலைச் சற்று வெளுப்பாக்கியிருந்தார்கள், சிலவற்றில் சற்றுக் கறுப்பாக்கியிருந்தார்கள். 'உண்மையில் இவர் எப்படிப்பட்டவர் என்பதை இந்தப் படம் எவ்வளவு காட்டுகிறது' என்பதுதான் கேள்வி. அவருடைய அரசியலோடு ஒத்துப்போனவர்கள் வெளுப்பாக்கிய படத்தையும், ஒத்துப்போகாதவர்கள் கறுப்பாக்கிய படத்தையும் அவரைச் சரியாகக் காட்டுவதாகச் சொன்னார்கள். ஒரே மனிதர், ஒரே முகம்!

செந்தூரன்
அந்த ஆய்வு உங்கள் வாதத்துக்கே எதிராகப் போகிறது, வானதி. நீங்களே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். அரசியல் சார்பு முதலில் வருகிறது, நிறம் அதற்கேற்ப மாறித் தெரிகிறது. கட்சிதான் கண்ணை ஆட்டிவைக்கிறது. நிறம் வாக்கை மாற்றியதாக அதில் எதுவும் இல்லை.

வானதி
பிடித்தவரை வெளுப்பாகவும் பிடிக்காதவரைக் கறுப்பாகவும் மனம் ஏன் பார்க்க வேண்டும்? வெளுப்பு நல்லது, கறுப்பு கெட்டது என்ற எண்ணம் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தால்தானே அது நடக்கும்? தவிர, வெளுப்பான படத்தைத் தேர்ந்தவர்கள் அவருக்கு வாக்களிக்கும் எண்ணத்திலும் முன்னால் இருந்தார்கள். இதில் எது முதலில் வந்தது என்று அந்த ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன என்பது என் எண்ணம்.

இளவேனில்
கட்சியா நிறமா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் உட்கட்சித் தேர்தல். அங்கே எல்லோரும் ஒரே கட்சி.

2008 மே மாதம் மேற்கு வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஹிலாரி கிளிண்டனுக்கு 67 சதவீதம், ஒபாமாவுக்கு 26 சதவீதம். வாக்களித்து வெளியே வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர், இனம் தன் முடிவில் ஒரு காரணம் என்று வாய்விட்டுச் சொன்னார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிளிண்டனுக்குப் போட்டவர்கள். 2012-ல் நடந்தது இன்னும் மோசம். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவரை எதிர்த்து, டெக்சஸ் சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒரு கைதி அதே மாநிலத்தில் சுமார் 41 சதவீத வாக்கு வாங்கினார். ஒபாமாவின் சொந்தக் கட்சி வாக்காளர்கள் போட்டது!

செந்தூரன்
மேற்கு வர்ஜீனியா நிலக்கரி மாநிலம். 2012-ல் அங்கே சுற்றுச்சூழல் விதிகள் மீது இருந்த கோபம் சாதாரணமானதல்ல. வேலை போகிறவன் கைதிக்கு மட்டுமல்ல, யாருக்கு வேண்டுமானாலும் குத்துவான். 2008-லும் தொழிலாளர் குடும்பங்களிடம் கிளிண்டன் பல மாநிலங்களில் வலுவாக இருந்தார். அதே ஆண்டு ஜனவரியில் அயோவாவில் என்ன நடந்தது? அதுவும் வெள்ளையர்கள் நிறைந்த மாநிலம்தான். அங்கே ஒபாமாதான் முதலிடம்.

உட்கட்சித் தேர்தல்தான் சோதனை என்றால் இதையும் பாருங்கள். 2010-ல் தெற்கு கரோலைனாவில் டிம் ஸ்காட் என்ற கறுப்பினத்தவர் நாடாளுமன்றக் கீழவைத் தொகுதி ஒன்றுக்கான குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நின்றார். கடைசிச் சுற்றில் எதிரே நின்றவர் ஸ்ட்ராம் தர்மண்டின் மகன். இனப்பிரிவினைக்காகவே 1948-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற அதே தர்மண்ட்! வாக்காளர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஸ்காட் இரண்டு மடங்குக்கும் மேல் வாக்கு வாங்கி ஜெயித்தார். 2013-ல் செனட்டராக நியமிக்கப்பட்டவர், 2014-ல் மாநிலம் முழுவதும் நின்று 61 சதவீதத்தோடு அந்த இடத்தைத் தக்கவைத்தார். தங்கள் கொள்கைக்காரர் என்று தெரிந்தால் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை.

வானதி
'தங்கள் கொள்கைக்காரர் என்று தெரிந்தால்.' எல்லாம் இந்த 'தெரிந்தால்' என்பதில்தான் இருக்கிறது. ஒரே கொள்கையோடு ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் நின்றால், கறுப்பரை இன்னும் இடதுசாரியாக வாக்காளர்கள் கணிக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. நடுநிலைக்காரராக நிற்கும் கறுப்பருக்கு அது நேரடி நஷ்டம். ஸ்காட் போல வலதுசாரி என்று பளிச்சென்று தெரிகிறவருக்கு அந்த ஊகம் ஒட்டாது. ஸ்காட் ஜெயித்தார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வெள்ளை வேட்பாளர் 'நான் தீவிர இடதுசாரி இல்லை' என்று நிரூபிக்க வேண்டிய நிலையிலிருந்து தொடங்குவதில்லை.

கொள்கையே நிறம் மாறித் தெரிவதும் உண்டு. மைக்கேல் டெஸ்லர் என்ற அரசியல் ஆய்வாளர் ஒரே மாதிரியான மருத்துவக் காப்பீட்டு யோசனையைச் சிலருக்குப் பில் கிளிண்டனுடையது என்றும், சிலருக்கு ஒபாமாவுடையது என்றும் சொல்லிக் கருத்துக் கேட்டார். ஒபாமா பெயர் வந்தபோது, கறுப்பர்களைப் பற்றி அவர்கள் வைத்திருந்த எண்ணம் அந்த யோசனை மீதான கருத்தில் இன்னும் அதிகமாக எதிரொலித்தது. இதில் கட்சி மாறவில்லை, இருவரும் ஒரே கட்சி.

முகிலன்
கேட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒரு சந்தேகம். 2004-ல் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்ற ஜான் கெரிக்கு வெள்ளையர் வாக்கில் 41 சதவீதம். 2008-ல் ஒபாமாவுக்கு 43. வெள்ளை வேட்பாளரைவிடக் கூட! அப்படியானால் இழப்பு எங்கே?

இளவேனில்
கெரியோடு ஒப்பிட்டால் அது தெரியாது, முகிலன். 2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி திவாலானது, அப்போது பதவியில் இருந்த குடியரசுக் கட்சித் தலைவர் புஷ்ஷின் செல்வாக்கு அதலபாதாளத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஒரு வெள்ளை ஜனநாயகக் கட்சிக்காரர் நின்றிருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார் என்பதுதான் கேள்வி. சேத் ஸ்டீஃபன்ஸ்-டேவிடோவிட்ஸ் என்ற பொருளியலாளர், கூகுளில் கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல் எந்தெந்தப் பகுதிகளில் அதிகம் தேடப்பட்டது என்று எடுத்து, கெரி வாங்கிய வாக்கோடு ஒப்பிட்டார். அந்தப் பகுதிகளில் ஒபாமா எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வாங்கியிருந்தார். நாடு முழுவதும் சுமார் 4 சதவீதப் புள்ளிகள் இழப்பு என்பது அவர் கணக்கு. ஜெயித்ததால் அந்த இழப்பு யார் கண்ணிலும் படவில்லை.

செந்தூரன்
தேடல் கணக்கு ஒரு மதிப்பீடுதான், யார் எதற்காகத் தேடினார் என்று அதில் தெரியாது. நான் நேரடியான ஒப்பீடு ஒன்று தருகிறேன். வடக்கு கரோலைனாவின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் 1990 செனட் தேர்தலில் ஹார்வி கான்ட் என்ற கறுப்பினத்தவரை எதிர்த்து நின்றார். ஒரு வெள்ளையரின் கைகள் வேலை மறுப்புக் கடிதத்தைக் கசக்கும் விளம்பரம் அப்போதுதான் வந்தது: வேலைக்கு நீதான் தகுதியானவன், ஆனால் இன ஒதுக்கீட்டில் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சோடு. கேவலமான விளம்பரம், மறுக்கவில்லை. ஹெல்ம்ஸ் வாங்கியது 52.6 சதவீதம். 1984-ல் ஜிம் ஹன்ட் என்ற வெள்ளை ஆளுநரை எதிர்த்து அவர் வாங்கியது 51.7. நிறத்தால் வந்த லாபம் ஒரு சதவீதம்கூட இல்லை.

வானதி
1984-ல் அதே வாக்குச்சீட்டில் ஹெல்ம்ஸுக்கு மேலே, அதே கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக ரீகன் இருந்தார், செந்தூரன். அந்த மாநிலத்தில் ரீகன் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கிய ஆண்டு அது, அந்த அலையில்தான் ஹெல்ம்ஸ் கரையேறினார். 1990-ல் அலை எதுவும் இல்லை, வெள்ளை மாளிகையில் இருந்தது அவருடைய சொந்தக் கட்சி, அதுவும் குடியரசுத் தலைவரின் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தல், அதில் ஆளும் கட்சி வழக்கமாகச் சறுக்கும். கடைசி வாரங்களில் கான்ட் முந்துவதாகக் கணிப்புகள் சொன்ன பிறகுதான் அந்தக் கைகள் தொலைக்காட்சிக்கு வந்தன. ரீகன் இல்லாமலேயே அவர் 1984-ஐவிடக் கூடுதலாக வாங்கியது எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.