பேனில் பற்றுகிறது, குழலில் வெடிக்கவில்லை: 20 கேஜ் ஃபிளின்ட்லாக் கிட், உதவி வேண்டும்

ஒஹையோ_வால்நட்:
வணக்கம். கிட் வாங்கி நானே செய்த முதல் துப்பாக்கி இது. ஃபிளின்ட்லாக், அதாவது சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடுவது: பொறி குழலுக்குப் பக்கத்தில் 'பேன்' என்ற சின்னக் கிண்ணத்தில் இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும், அந்தத் தீ ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போய் அங்கே உள்ள மருந்தை வெடிக்கவைக்கும். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களின் பறவை வேட்டைத் துப்பாக்கி மாதிரி. 20 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு), உள்ளே வரி இல்லாத வழுவழுப்பான குழல், 42 அங்குல நீளம். ஏழு மாதம் ராத்திரி ராத்திரியாகக் கராஜில் உட்கார்ந்து செய்தேன். லாக்கின் (பொறி தட்டும் இயந்திரப் பகுதி) அடியில் விளக்குக் கரியைத் தடவி, கட்டையில் வைத்து அழுத்தி, கறை பட்ட இடத்தை மட்டும் உளியால் சுரண்டி, திரும்ப வைத்து... அதற்கு மட்டுமே ஆறு வாரம் ஆனது.

போன சனிக்கிழமை சுடும் பயிற்சி ரேஞ்சில் 14 முறை சுட்டேன். அதில் 6 முறை பேனில் இருந்த மருந்து மட்டும் புஸ்ஸென்று எரிந்து போனது, குழலில் ஒன்றும் நடக்கவில்லை. குழலில் போட்டது 60 கிரெயின் (எடை அலகு) இரண்டு எஃப் கருமருந்து, .600 அங்குல ஈயக்குண்டு, அதைச் சுற்ற .010 அங்குலத் துணி. பேனில் அதைவிடப் பொடியான நாலு எஃப். கறுப்பு இங்கிலிஷ் சக்கிமுக்கிக் கல், பொறி நன்றாகக் கொட்டுகிறது. டச் ஹோல் (பேனிலிருந்து குழலுக்குள் தீ போகும் துளை) நானே போட்டது, 1/16 அங்குலம். இரண்டு வெடிக்கு ஒருமுறை ஈரத்துணியால் குழலைத் துடைத்தேன். இந்தியானா மாநிலத்து ஃபிரெண்ட்ஷிப் ஊரில் நடக்கும் போட்டிக்கு இதைத்தான் எடுத்துப் போக ஆசை. எங்கே தப்பு செய்தேன்?

மூத்தகொல்லன்:
தம்பி, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பேனில் மட்டும் எரிந்தால் உடனே துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். குழல் வாய் இலக்கைப் பார்த்தபடியே முழுசாக ஒரு நிமிடம் பிடித்திருங்கள். உள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருந்தால் தாமதமாக வெடிக்கும். அதற்குப் பிறகுதான் கம்பியால் துளையைக் குத்திவிட்டு பேனில் புது மருந்து வைக்க வேண்டும்.

பொறி கொட்டுகிறது, பேனும் பற்றுகிறது. ஆக கல், ஃபிரிசன் (கல் உரசும் இரும்பு), ஸ்பிரிங் எதிலும் கோளாறு இல்லை, அதையெல்லாம் நோண்ட வேண்டாம். பேனுக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் துளையில்தான் விஷயம். மூன்று கேள்வி. அந்த 6 தடவையும் எப்போது நடந்தது, துடைத்த பிறகா, துடைக்காதபோதா? போடுவது அசல் கருமருந்தா, பைரோடெக்ஸ் போன்ற மாற்றா? மாற்று மருந்து பற்ற அதிகச் சூடு வேண்டும், ஃபிளின்ட்லாக்குக்கு ஒத்துவராது. மூன்றாவது, துளை பிரீச் பிளக்குக்கு (குழலின் பின்முனையை அடைக்கும் மரையாணி) முன்னால் இருக்கிறதா, பிளக்கின் முகத்திலேயே முட்டுகிறதா?

மூன்றாவதை வீட்டிலேயே பார்க்கலாம். ராம்ராடை (குண்டை உள்ளே தள்ளும் கோல்) உள்ளே விட்டுக் குழல் காலி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு சின்ன எல்.இ.டி. விளக்கை நூலில் கட்டி அடிவரை இறக்கி, அறையை இருட்டாக்கி, வெளியிலிருந்து துளையைப் பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

ஒஹையோ_வால்நட்:
ஐயா, அசல் கருமருந்துதான். ரேஞ்சில் எழுதிய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 6-ல் 5 தடவை, துடைத்த உடனே போட்ட குண்டு! இது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. துடைத்தால் நல்லது என்றே நினைத்திருந்தேன்.

விளக்கும் விட்டுப் பார்த்தேன். வட்டம் இல்லை. பிறை மாதிரி தெரிகிறது, பாதிக்கு மேல் இருட்டு.

மூத்தகொல்லன்:
கிடைத்துவிட்டது. பிளக்கின் முகம் துளையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஈரத்துணி இறுக்கமாக உள்ளே போகும்போது கரிச்சேற்றை எல்லாம் அடிக்குத் தள்ளும், அது மீதிப் பிறையில் போய் அப்பிக்கொள்ளும். அதற்கு மேல் 60 கிரெயின் மருந்தைக் கொட்டினாலும் தீ எட்டாது.

துளையை வெளியிலிருந்து பெரிதாக்கிவிட வேண்டாம். அது அவசரப்பட்டு எல்லோரும் செய்வது. பெரிதானால் அழுத்தம் பக்கவாட்டில் வீணாகும், பக்கத்தில் நிற்பவர் முகத்தில் தீயும் அடிக்கும். பிளக்கைக் கழற்றி, துளைக்கு நேராக அதன் முகத்தில் மட்டும் சின்னப் பள்ளம் அரத்தால் எடுக்க வேண்டும். மரையைத் தொடக் கூடாது. பிளக் திரும்பவும் அதே இடத்தில் வந்து இறுகி நிற்க வேண்டும். வைஸும் சரியான ரெஞ்சும் இல்லையென்றால் கைவேலை தெரிந்த கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுங்கள். பாடுபட்டுச் செய்த குழல், பிளக்கை அரைகுறையாக இறுக்கிச் சுடவே கூடாது.

மலைப்பாதை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கன்ஸ்மித்திடம் போவதென்றால் லைனரும் (துளையில் திருகிப் பொருத்தும் சின்ன உலோகத் துண்டு) போடச் சொல்லுங்கள். இப்போது உங்கள் துளை குழலின் சுவர் முழுக்க ஒரே நீளச் சுரங்கமாக இருக்கிறது. அதில் மருந்து நிரம்பினால் திரி மாதிரி எரிந்து போய்ச் சேரும், அதனால் வெடி தாமதமாகும். லைனர் உள்பக்கம் கூம்பாகக் குடைந்திருக்கும், மருந்து பேனுக்கு வெகு அருகில் வந்துவிடும்.

மூத்தகொல்லன்:
லைனர் நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்துத் தோற்றம் வேண்டுமென்றால் குழல் வாயிலிருந்து நீளக் கருவி விட்டு உள்பக்கத்தையே கூம்பாகக் குடையலாம், வெளியே சாதாரணத் துளையாகவே தெரியும். ஸ்டெயின்லெஸ் லைனர் பழுப்பேற்றிய குழலில் பொட்டு வைத்த மாதிரி பளபளக்கும், என் கண்ணுக்கு அது ஆகாது. இது அவரவர் விருப்பம்.

பேனில் மருந்தைத் துளைக்கு எட்டாமல் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று நானும் 20 வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கருவி வைத்து நேரத்தை அளந்து பார்த்தவர்கள், துளையை ஒட்டி இருந்தால்தான் சீக்கிரம் பற்றுகிறது என்று காட்டினார்கள். இப்போது நானும் ஒட்டித்தான் வைக்கிறேன்.

தேனிக்காரன்:
படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது அண்ணா. தமிழ்நாட்டில் இப்படி ஒரு கிட் வாங்கிச் செய்ய முடியுமா?

மலைப்பாதை:
தம்பி, அமெரிக்காவில் 1968 சட்டப்படி இந்த மாதிரிப் பழைய வகைத் துப்பாக்கிகளுக்குக் கூட்டரசு அளவில் விலக்கு உண்டு, அதிலும் சில மாநிலங்களில் தனி விதி இருக்கிறது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும், செய்வதற்குத் தனி உரிமம். உரிமம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

ஒஹையோ_வால்நட்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். கன்ஸ்மித் பிளக்கில் பள்ளம் எடுத்து, உள்ளிருந்து கூம்பும் குடைந்து கொடுத்தார். லைனர் போடவில்லை, ஐயா சொன்ன பொட்டு எனக்கும் பிடிக்கவில்லை. விளக்கு விட்டால் இப்போது முழு நிலா.

ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் இன்னொன்று காட்டிக்கொடுத்தார். கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியலை இறக்கி, பேனைத் திறந்து வைத்து, வான்கோழி இறகின் தண்டை வெளியிலிருந்து துளைக்குள் செருகிவிட்டுத்தான் குழலைத் துடைக்கிறார், மருந்தும் கெட்டிக்கிறார். சேறு துளைக்குள் நுழைய இடமே இல்லை. குண்டு அடியில் உட்கார்ந்ததும் இறகை உருவுகிறார், துளை சுத்தமாகத் திறந்து நிற்கிறது. அதன் பிறகே பேனில் மருந்து. நானும் அப்படியே செய்தேன்.

மொத்தம் 22 முறை சுட்டேன், 22-ம் வெடித்தது. பேன் சத்தமும் குழல் சத்தமும் முன்பு தனித்தனியாகக் கேட்கும், இப்போது ஒரே சத்தம்தான். 25 கஜத்தில் குண்டுகள் இன்னும் இடதுபக்கம் நாலு அங்குலம் ஒதுங்குகின்றன. அதற்குத் தனி இழை போடுகிறேன் ஐயா, அங்கேயும் வாருங்கள்.