நெஞ்சுவலியே இல்லாதவருக்கு கால்சியம் ஸ்கேன் எதற்கு?

கரிசல்காட்டான்:
வயது 44. சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை. பிபி எல்லைக்கோட்டில் நிற்கிறது, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 138. அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு. ஆபீஸ் மூலமாக மாஸ்டர் ஹெல்த் செக்கப் போனேன். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் மூன்றும் நார்மல். கிளம்பும்போது கவுண்டரில் ஓர் அட்டையை நீட்டினார்கள்: "ஹார்ட் பேக்கேஜ்", கால்சியம் ஸ்கோரும் (இதய ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பை சிடி ஸ்கேனில் அளப்பது) சிடி ஆஞ்சியோவும் (மருந்து ஊசி போட்டு அதே குழாய்களில் அடைப்பைப் படமெடுப்பது) சேர்த்துத் தள்ளுபடியில். மாமனார், "பணத்தைப் பார்க்காதீங்க மாப்பிள்ளை, எடுத்துடுங்க" என்கிறார். மனைவி, "நல்லா இருக்கிற உடம்பை எதுக்குக் கிளறணும்" என்கிறார். எடுக்கலாமா?

கணக்குப்புலி:
மனைவி சொல்வதைக் கேளுங்கள். டிரெட்மில்லில் ஓடி நார்மல் என்று வந்தவருக்கு அடுத்த அட்டையை நீட்டுகிறார்கள் என்றால் அது வியாபாரம். இந்த அட்டையில் அடைப்பு 40 சதவீதம் என்று வந்தால் அதற்கும் ஓர் அட்டை வைத்திருப்பார்கள். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018இல் இந்தக் கால்சியம் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, நோய்க்குறி இல்லாதவர்களுக்குப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் எழுதியது.

வார்டு_ரவுண்ட்ஸ்:
நான் பொது மருத்துவம் பார்ப்பவன், இதய நிபுணர் அல்ல. புலி சார், டிரெட்மில் நார்மல் என்பதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தக்குழாய் 70 சதவீதம் வாக்கில் குறுகிய பிறகுதான் அது பொதுவாகக் காட்டிக்கொடுக்கும். நிறைய மாரடைப்பு அதைவிடச் சின்னக் கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. காலையில் டிரெட்மில்லில் ஓடியவர் அடுத்த மாதம் அவசரப் பிரிவுக்கு வருவது இதனால்தான்.

கால்சியம் ஸ்கோர் பார்ப்பது வேறு விஷயம். ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதில்லை, குழாய்ச் சுவரில் நோய் குடியேறிவிட்டதா என்று பார்க்கிறது. அமெரிக்காவில் 2000இல் 6,814 பேரோடு தொடங்கிய மேசா ஆய்வில், பத்தாண்டில் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஸ்கோர் 0 உள்ளவர்களில், வயது, பாலினம், இனம் எதைக்கொண்டு பிரித்தாலும் 1.3 முதல் 5.6 சதவீதம். 300ஐத் தாண்டியவர்களில் 13.1 முதல் 25.6 சதவீதம். கொலஸ்ட்ரால் எண்ணை மட்டும் வைத்து இப்படிப் பிரித்துக்காட்ட முடியாது.

கணக்குப்புலி:
டாக்டர் சார், அந்த மேசாவில் வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், சீனர் என்று நான்கு இனத்தார்தான். நம்மவர்கள் கிடையாது. வயதும் 45இல்தான் ஆரம்பம். கேட்டவருக்கு 44. இதில் எந்த எண்ணை அவர் தலையில் கட்டுகிறீர்கள்?

வார்டு_ரவுண்ட்ஸ்:
நல்ல கேள்வி. தெற்காசியர்களுக்கென்றே மசாலா என்ற ஆய்வு சிகாகோவிலும் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் நடக்கிறது (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நிஜமாகவே அதுதான் பெயர்). அதில் நம் ஆண்களின் கால்சியம் வெள்ளையர் அளவுக்கே இருந்தது. வயது பற்றிக் கேட்டால் கார்டியா ஆய்வு இருக்கிறது: 32 முதல் 46 வயதுக்காரர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் கால்சியம் தெரிந்தது. அப்படித் தெரிந்தவர்களுக்கு அடுத்த பன்னிரண்டு சொச்ச ஆண்டுகளில் இதயநோய் வந்தது மற்றவர்களைவிட ஐந்து மடங்கு. 44 வயதில் ஸ்கோர் 0 என்பதுதான் சாதாரணம். 15 வந்தால்கூட நான் நிமிர்ந்து உட்காருவேன்.

இன்டர்ஹார்ட் ஆய்வையும் சொல்கிறேன். தெற்காசியாவில் முதல் மாரடைப்பின் சராசரி வயது 53, மற்ற நாடுகளில் 59ஐ ஒட்டி. நாம் ஐந்தாறு வருடம் முந்துகிறோம்.

டீக்கடை_பெஞ்ச்:
ஒலிம்பிக்கில்தான் முந்த மாட்டேன் என்கிறோம்.

பிக்சல்பொண்ணு:
நான் சிடி ரூமில் வேலை பார்க்கிறேன். பேக்கேஜில் இருப்பவை இரண்டு தனித்தனிச் சோதனைகள், இங்கே எல்லாரும் ஒன்றாகக் குழப்புகிறீர்கள். கால்சியம் ஸ்கோருக்கு ஊசியே கிடையாது. நெஞ்சில் ஈசிஜி ஒயர், கை இரண்டும் தலைக்கு மேலே, மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்வோம், சில நொடியில் முடிந்தது. கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட். சும்மா இருந்தாலே இயற்கையிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிசீவர்ட் நம்மேல் படுகிறது.

அப்புறம்தான் வேலை. 130 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (சிடியில் அடர்த்தியை அளக்கும் அலகு) மேல் வெளுத்த இடத்தையெல்லாம் மென்பொருள் ஒரே நிறத்தில் பூசிக் காட்டும். விலா எலும்பு, முதுகெலும்பு, மகாதமனிச் சுவர் எல்லாமே பளிச்சிடும். அதில் எது இடது முன்குழாய், எது வலது குழாய் என்று ஒவ்வொரு புள்ளியாக நாங்கள்தான் கிளிக் செய்கிறோம். இதயத்துக்குள் இருக்கும் மைட்ரல் வால்வு ஓரத்துச் சுண்ணாம்பைக் குழாய்க் கணக்கில் சேர்த்துவிட்டால் ஸ்கோர் எகிறிவிடும். பரப்பை அடர்த்தி எண்ணால் பெருக்கிக் கூட்டுவது 1990இல் அகாட்ஸ்டனும் கூட்டாளிகளும் வெளியிட்ட முறை, இன்னும் அதேதான்.

சிடி ஆஞ்சியோ கதையே வேறு. சிறுநீரகம் சரியா என்று கிரியாட்டினின் பார்க்க வேண்டும், நாடித்துடிப்பை 60 பக்கம் கொண்டுவர மாத்திரை, குழாயை விரிக்க நாக்குக்கு அடியில் இன்னொரு மாத்திரை, குழாய் படத்தில் பளிச்சென்று தெரியக் கையில் கான்ட்ராஸ்ட் ஊசி. உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும், பதறி எழப் பார்ப்பார்கள். கதிர்வீச்சும் கூடுதல். வலி இல்லாதவருக்கு இதையும் சேர்த்து விற்பதில் எனக்கே உடன்பாடு இல்லை.

நெல்லைச்சீமை:
அதெல்லாம் சரி அக்கா, ஸ்காட்லாந்தில் சிடி ஆஞ்சியோ எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைந்ததே? ஸ்காட்-ஹார்ட் ஆய்வு, 2018. 4,146 பேர். ஐந்து வருடத்தில் இதயநோய் மரணமோ மாரடைப்போ சிடி எடுக்காதவர்களில் 3.9 சதவீதம், எடுத்தவர்களில் 2.3. என் சித்தப்பாவுக்கும் சிடியில்தான் அடைப்பு தெரிந்தது, உடனே ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள். முன்னாலேயே பார்ப்பதில் என்ன நஷ்டம்?

கணக்குப்புலி:
தம்பி, ஸ்காட்-ஹார்ட்டில் இருந்த அத்தனை பேரும் நெஞ்சுவலி என்று டாக்டரிடம் வந்தவர்கள். இங்கே கேட்டவருக்கு வலியே இல்லை. இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். ஐந்தாண்டு முடிவில் ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். படம் பார்த்தவர்களுக்கு ஸ்டாட்டினும் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) ஆஸ்பிரினும் கூடுதலாகப் போயின. பலன் அங்கிருந்துதான் என்று ஆய்வாளர்களே கருதுகிறார்கள்.

சித்தப்பா நலமாக இருக்கட்டும். ஆனால் வலி கட்டுக்குள் இருக்கும் ஆளுக்கு வைக்கும் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது என்பதை 2007இல் கரேஜ் ஆய்வும் காட்டவில்லை, 2020இல் 5,179 பேரை வைத்து இஸ்கீமியா ஆய்வும் காட்டவில்லை. நான் பயப்படுவது ஸ்கேனுக்கு அல்ல, அதற்குப் பிறகு வரும் கேத் லேபுக்கு (ஸ்டென்ட் வைக்கும் அறை). 2017இல் ஸ்டென்ட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்தது, சரி. எத்தனை பேருக்கு வைப்பது என்பதற்கு யார் வரம்பு வைத்தார்கள்?

வார்டு_ரவுண்ட்ஸ்:
பாதி ஒத்துக்கொள்கிறேன். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வைக்கும் ஸ்டென்ட் உயிர் காக்கும், இடது முதன்மைக் குழாய் அடைப்பும் தனி விஷயம், இஸ்கீமியாவில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. மற்றபடி படத்தில் 50 சதவீதம் பார்த்தவுடன் கத்தியும் கம்பியும் எடுப்பது தவறு. ஆனால் அதைச் சாக்காக வைத்துக் கால்சியம் ஸ்கோரையும் ஏன் தூக்கி எறிகிறீர்கள்?

கணக்குப்புலி:
உயிர் காப்பதாக நிரூபிக்கவில்லை என்பதால். டென்மார்க்கில் 65 முதல் 74 வயது ஆண்கள் 46,611 பேர், டான்காவாஸ் ஆய்வு, 2022. கால்சியம் ஸ்கேனும் மற்ற சோதனைகளும் செய்ய அழைத்த பக்கம் 12.6 சதவீதம் இறந்தார்கள், அழைக்காத பக்கம் 13.1. புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை.

வார்டு_ரவுண்ட்ஸ்:
70 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் மரணம் 11 சதவீதம் குறைவு. அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

கணக்குப்புலி:
மொத்தம் தோற்ற பிறகு பிரித்துப் பிரித்துப் பார்த்தால் ஏதாவது ஒரு துண்டு ஜெயிக்கத்தான் செய்யும் சார்.

இதை விடுங்கள், கேட்டவர் விஷயத்துக்கு வருகிறேன். 2018 அமெரிக்க கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல் நீங்கள் படித்ததுதான். ஸ்கோர் 0 வந்தால் ஸ்டாட்டினைத் தள்ளிப்போடலாம், ஆனால் சர்க்கரை, புகை, குடும்பத்தில் இளவயது இதயநோய் இருந்தால் அந்தச் சலுகை இல்லை. அப்பாவுக்கு 51 என்றால் இளவயதுதான். ஆகவே 0 வந்தாலும் இவருக்கு விடுதலை இல்லை. 100 வந்தால் ஸ்டாட்டின். இரண்டு கதவும் ஒரே அறைக்குத் திறக்கும்போது எதற்குக் காசு கொடுத்துக் கதவைத் தட்ட வேண்டும்? லைப்போபுரோட்டீன் ஏ (பரம்பரையாகக் கூடும் ஒருவகைக் கொலஸ்ட்ரால், ரத்தப் பரிசோதனையில் தெரியும்) ஒருமுறை பார்த்துவிட்டு, பிபியை ஒழுங்காக வீட்டில் அளந்து, டாக்டரிடம் பேசி மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

வார்டு_ரவுண்ட்ஸ்:
ஆரம்பிப்பார்கள். ஆறு மாதத்தில் நிறுத்துவார்கள். "ஒன்னுமே இல்லாம எதுக்கு டாக்டர் ஆயுசுக்கும் மாத்திரை" என்பார்கள், வாட்ஸப்பில் யாரோ ஸ்டாட்டின் விஷம் என்று அனுப்பியிருப்பார்கள். தன் குழாயில் வெள்ளைப் புள்ளியைக் கண்ணால் பார்த்தவர் அவ்வளவு சுலபத்தில் நிறுத்துவதில்லை. எல்டிஎல் 100 போதுமா, 70க்குக் கீழே போகணுமா என்பதையும் அந்த ஸ்கோர் எனக்குச் சொல்லும். உங்கள் அறை ஒன்றல்ல, இரண்டு.

கரிசல்காட்டான்:
இருவருக்கும் நன்றி. சிடி ஆஞ்சியோ வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, மாமனாரிடமும் சொல்லிவிட்டேன். கால்சியம் ஸ்கோர் மட்டும் தனியாக எடுப்பேனா என்பது லைப்போபுரோட்டீன் ஏ ரிப்போர்ட் வந்த பிறகு. அதிகமாக வந்தால் நேரே மாத்திரைதான். நார்மலாக வந்தால் என் மனசு மாத்திரைக்கு ஒத்துக்காது, அப்போது ஸ்கேன்.

கணக்குப்புலி:
அந்தக் கடைசி வாக்கியத்தில் டாக்டர் ஜெயித்துவிட்டார் போல. எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை, பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

பிக்சல்பொண்ணு:
வந்தால் மொத்த ஸ்கோரோடு குழாய்வாரியாகவும் எழுதித் தரச் சொல்லுங்கள் அண்ணா. நுரையீரலையும் பார்த்து எழுதினார்களா என்று கேளுங்கள். சின்ன முடிச்சு ஏதாவது சிக்கினால் அதற்குத் தனியாகத் தொடர் ஸ்கேன் வரும், அதற்கும் மனசைத் தயார் செய்துகொண்டு வாருங்கள். ஸ்டாட்டின் ஆரம்பித்த பிறகு வருடாவருடம் ஸ்கோர் எடுக்க ஓடி வராதீர்கள். மாத்திரை படிவை இறுக்கிக் கெட்டியாக்கும், எண் ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திய ஆட்கள் எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.