லாட்வியன் "தியென"வும் நம்ம "தினம்"மும் ஒண்ணா?

கொழிஞ்சாம்பாறை பையன்:
வணக்கமுங்க. எங்க அக்கா மக லாட்வியா தலைநகர் ரீகாவுல மெடிசின் படிக்கிறா, போன்ல பேசறப்ப "லப்தியென்"னு வணக்கம் சொல்றா, தியெனன்னா நாளாம். எனக்கு சட்டுன்னு தினம் தான் தோணுச்சு, ஸ்கூல்ல மலையாளத்துலயும் தினம்னு தானே எழுதுனோம். நெஜமாவே சொந்தமா இல்ல சும்மா ஒத்துப்போகுதா? அப்புறம் ஒரு நேரம் தியெனுங்கறா, ஒரு நேரம் தியெனஸ்ங்கறா, எது சரி?

சித்தூர் வாத்தியார்:
சொந்தமே தான் தம்பி. தினம் சமஸ்கிருதத்துலருந்து தமிழுக்கும் மலையாளத்துக்கும் வந்த சொல்லு, நம்ம சொந்தச் சொல்லு நாள். அந்த சமஸ்கிருத தினமும் லாட்வியன் தியெனவும் ரஷ்யன் "தியென்"னும் இந்தோ ஐரோப்பிய மொழிக்குடும்பத்துல ஒரே வேர்ல கெளச்சது, ஒளிர்றதுன்னு பொருள் வர்ற வேர். பக்கத்து லிதுவேனியன்லயும் இதே சொல்லு தான். ஆனா இங்கிலீஷ் "டே" இதுல சேராது, அது எரியறதுங்கற வேற வேர்லருந்து வந்ததுன்னு தான் பொதுவா சொல்றாங்க. ஒலிய மட்டும் பாத்து சொந்தம் சொல்லக்கூடாதுங்கறதுக்கு இது நல்ல உதாரணம்.

ரீகா ரிட்டர்ன்:
அக்கா மக சொல்றது எல்லாமே சரிங்க, அது வேற்றுமை. தியென எழுவாய், பெண்பால். தியெனஸ்னா நாளோட, தியெனய்னா நாளுக்கு, தியெனுன்னா நாளை (ஐ உருபு சேந்தது, நாளைக்குங்கற அர்த்தம் இல்ல), கடைசில நெடிலா தியெனான்னா நாள்ல. குறில் நெடில்லயே பொருள் மாறுது பாருங்க, அத விட்டுட்டா கேக்கறவங்க கொழம்பிருவாங்க. பன்மைலயும் நாட்கள்ங்கறதுக்கு தியெனஸ் தான், அதனால வாக்கியத்த வெச்சு தான் புரிஞ்சுக்கணும். பன்மைல நாட்களுக்குன்னா தியெனாம், நாட்கள்லன்னா தியெனாஸ். எனக்கு ரொம்ப புடிச்சது கெழம பேரு, நம்மள மாதிரி சந்திரன் செவ்வாய்னு கோள் பேரு இல்ல, திங்கக்கெழம "பிர்ம்தியென", முதல் நாள், அப்படியே எண்ணிட்டுப் போயி ஞாயிறு மட்டும் "ஸ்வேத்தியென", புனித நாள்.

கொழிஞ்சாம்பாறை பையன்:
ரொம்ப நன்றிங்க. "புஸ்தியெனஸ்"னு ஒண்ணு சொன்னாளே, அதுவும் இதுலயா?

ரீகா ரிட்டர்ன்:
ஆமாங்க, மத்தியானச் சாப்பாடு. புஸ்னா பாதி, பாதி நாள்ங்கறது அந்த நேரத்துச் சாப்பாட்டுக்கே பேராயிருச்சு, எப்பவும் பன்மைல தான் வரும். தெற்கு திசைக்கும் "தியென்விதி"ன்னு தான் பேரு, நாளோட நடுன்னு அர்த்தம், அங்க உச்சிவேளைல சூரியன் தெக்கால தான் நிக்கும்.