பரிசு வாங்கிய ஆளுநருக்கு எது தகுந்த தண்டனை?

கேள்வி: வணக்கம். ரோலக்ஸ் கடிகாரம், கடன் என ஒரு தொழிலதிபரிடமிருந்து குடும்பத்தோடு 1,75,000 டாலருக்கு மேல் பெற்ற வர்ஜீனியா முன்னாள் ஆளுநர் பாப் மெக்டொனலின் 2 ஆண்டுச் சிறைத்தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2016-இல் ரத்து செய்தது ஏன்?

பதில் 1: பரிசுக்குக் கைமாறாக அரசுப்பணி சார்ந்த செயல் ஒன்றைச் செய்தால்தான் லஞ்சக் குற்றமாகும்; அதிகாரிகளுடன் சந்திப்புக்கு ஏற்பாடு செய்வது மட்டுமே அப்படிப்பட்ட செயலாகிவிடாது என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

பதில் 2: ஐயா, எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தொழிலதிபரின் ஊட்டச்சத்து மாத்திரைக்கான அறிமுக விருந்தே ஆளுநர் மாளிகையில்தான் நடந்தது. சாமானியருக்கு அந்த வாசல் திறக்குமா? சிறை இல்லையென்றாலும், பெற்றதைப் போலப் பல மடங்கு அபராதமும் பதவித் தடையும் விதித்திருக்க வேண்டும்.

பதில் 3: தங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கணக்குக் காட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் பரிசு பெறலாம் என்றுதான் அன்றைய வர்ஜீனியா சட்டம் இருந்தது; 100 டாலர் உச்சவரம்பு இந்த வழக்கு எழுந்த பிறகே வந்தது.