பக்க வடிவமைப்பு வகுப்புக்கு அடுத்த செயல்திட்டம் எது?

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு ஸ்கிரைபஸ் என்ற மென்பொருளில் பக்க வடிவமைப்பு சொல்லித் தருகிறேன். முதலில் ஏ4 சுவரொட்டி கொடுத்தேன். ஒரே பக்கத்தில் ஆறு எழுத்துரு, எல்லாமே நடுவில்! சரி என்று அதே வாசகத்தை இரண்டே எழுத்துருவில், கறுப்பில் மட்டும், இடப்பக்கம் சீராக்கச் சொன்னேன். தலைப்பு 48 புள்ளி, விவரம் 12 புள்ளி என்று ஆனதும் ஒரு மாணவி, "இப்பதான் டீச்சர், எதை முதல்ல படிக்கணும்னு தெரியுது" என்றாள். மனசு நிறைந்துவிட்டது.

வெற்றிடம்தான் இன்னும் பிடிபடவில்லை. காலி இடத்தைப் பார்த்தாலே படம் ஒட்டிவிடுகிறார்கள். அடுத்து மூன்று மடிப்புக் கையேடா, நான்கு பக்கச் செய்திமடலா? கையேட்டில் உள்ளே மடங்கும் பகுதியை ஓரிரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கே ஒரு பாடவேளையை விழுங்குமோ? செய்து பார்த்தவர்கள், மதிப்பெண் எப்படிப் பிரித்தீர்கள் என்றும் சொல்லுங்களேன்.