குழாய் பூட்டியிருக்க மோட்டர் தானாய் ஓடுது: பிறஷர் எங்கை போகுது?

கொக்குவில்:
கிணத்திலையிருந்து நேரே இழுக்கிற ஓட்டோ மோட்டர் (பிறஷர் குறைஞ்சால் தானாய் ஓடுறது), அதோடை 24 லீற்றர் பிறஷர் தாங்கி (உள்ளுக்கை றப்பர் பையிலை தண்ணி, பைக்கு வெளியிலை அடைச்ச காத்து). வீட்டிலை ஒரு குழாயும் திறக்கேல்லை. ஆனாலும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மோட்டர் ஓடி, ரெண்டு மூண்டு செக்கனிலை நிக்குது. பிறஷர் மீற்றர் முள்ளு 2.8 பாரிலையிருந்து மெல்ல மெல்ல 1.4க்கு இறங்குது. மோட்டரை மாத்தச் சொல்லுகினம். மாத்தத்தான் வேணுமோ?

கோண்டாவில்:
மோட்டரிலை கை வையாதேங்கோ. 2.8 வரைக்கும் ஏத்துற மோட்டர் நல்ல மோட்டர்தான். ஏத்தின பிறஷர் எந்தப் பக்கத்தாலை போகுது எண்டதைத்தான் பிடிக்கவேணும்.

தாங்கிக்குப் பிறகு வீட்டுக்குப் போற லைனிலை ஒரு வால்வ் இருக்கோ பாருங்கோ. இல்லையெண்டால் முதல் வேலையாய் ஒண்டு போடுங்கோ. மோட்டர் ஏத்தி நிண்டவுடனை கரண்டை நிப்பாட்டி, வால்வைப் பூட்டி, முள்ளு நிக்கிற இடத்தைப் பென்சிலாலை குறிச்சு, அரை மணித்தியாலம் விடுங்கோ. முள்ளு இறங்கினால் பிழை கிணத்துப் பக்கம்: புட் வால்வ் (இழுவைப் பைப்பின்ரை அடி நுனியிலை கிணத்துத் தண்ணிக்குள்ளை இருக்கிறது), இல்லாட்டி மோட்டர் வாயிலை இருக்கிற செக் வால்வ். ரெண்டும் தண்ணியைத் திரும்பிப் போக விடாத வால்வுகள். முள்ளு அசையாமல் நிண்டால் பிழை வீட்டுக்குள்ளை. இதைச் செய்யாமல் சாமான் வாங்கினால் காசுதான் கரையும்.

சாவகச்சேரி:
கோண்டாவில் அண்ணை சொன்னது சரி. ஆனால் அந்த "ரெண்டு மூண்டு செக்கன்" எண்டதையும் கவனிக்கவேணும். காத்துச் சரியாயிருக்கிற 24 லீற்றர் தாங்கி 1.4க்கும் 2.8க்கும் இடையிலை ஏறக்குறைய 8 லீற்றர் தண்ணி பிடிக்கும். அதை நிரப்ப மோட்டருக்குக் கால் நிமிசமாவது வேணும். மூண்டு செக்கனிலை நிக்குதெண்டால் தாங்கியிலை காத்தில்லை. ஆக, இஞ்சை ரெண்டு பிழை: ஒரு சின்ன ஒழுக்கு, அதோடை காத்துப்போன தாங்கி. பத்து நிமிசத்திலை உண்மையிலேயே 8 லீற்றர் போனால் நாளுக்கு ஆயிரம் லீற்றருக்கு மேலை. அவ்வளவு தண்ணி வளவுக்குள்ளை போனால் கண்ணிலை படாமல் இராது.

தாங்கியின்ரை பின்பக்க மூடியைக் கழட்டினால் கார் ரயர் வால்வ் மாதிரி ஒண்டு இருக்கும். ஊசியை அமத்திப் பாருங்கோ. தண்ணி வந்தால் உள்ளுக்கை இருக்கிற றப்பர் பை கிழிஞ்சிட்டுது. பையை மட்டும் மாத்தலாம், தாங்கியை எறியத் தேவையில்லை. காத்து மட்டும் வந்தாலோ, ஒண்டும் வராவிட்டாலோ, கரண்டை நிப்பாட்டி ஒரு குழாயைத் திறந்து தண்ணியை முழுக்க வடிய விட்டிட்டுக் காத்தடியுங்கோ. 1.2 பார், அதாவது ஏறக்குறைய 17 பி.எஸ்.ஐ. மோட்டர் ஸ்டார்ட் எடுக்கிற அளவிலையிருந்து 0.2 குறைவாய் வைக்கிறதுதான் கணக்கு. தண்ணி உள்ளுக்கை நிக்க அடிச்சால் கேஜ் காட்டுறது தண்ணியின்ரை பிறஷர், காத்தின்ரை அளவில்லை. கனபேர் பிழைவிடுற இடம் இதுதான்.

மோட்டரைப் போட்டு நிப்பாட்டுற பிறஷர் சுவிச்சின்ரை நட்டைத் திருகி இந்தக் கரைச்சலைத் தீர்க்கலாம் எண்டு தயவுசெய்து நினையாதேங்கோ. அதுக்குள்ளை 230 வோல்ட் இருக்கு.

நீர்வேலி:
கிணத்துப் பக்கம் எண்டு தெரிஞ்சால் புட் வால்விலைதான் முதல் சந்தேகம். எங்கடை தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளாலை வாற தண்ணி. கேத்திலின்ரை அடியிலை படியிற அதே வெள்ளைதான் வால்வின்ரை றப்பர் வாசரிலையும் படியுது. ஒரு மணல் பருக்கை அளவு படிஞ்சிருந்தாலே வாசர் முழுசாய்ப் பொருந்தாது. புட் வால்வ் தண்ணிக்குள்ளை நிக்கிறதாலை ஒழுகிற சத்தமும் கேளாது.

கழட்டி எடுத்து இரவு முழுக்க வினாகிரியிலை ஊறவிடுங்கோ. பித்தளையைப் பிறஷ் போட்டு உரஞ்சலாம், றப்பரைக் கத்தியாலை சுரண்டக்கூடாது. றப்பரிலை வளையம் மாதிரிப் பள்ளம் விழுந்திருந்தால் மாத்துங்கோ. திருப்பிப் பூட்டேக்கை கிணத்தின்ரை அடியிலையிருந்து ஒரு அடியாவது மேலை நிக்கட்டும், இல்லாட்டிச் சேறு ஏறும்.

பிறகு மோட்டரின்ரை மேல் பிளக்கைக் கழட்டித் தண்ணி விட்டு நிரப்பி, பிளக் பூட்டாமல் ஓட்டைக்குள்ளை பாத்துக்கொண்டு நில்லுங்கோ. பத்து நிமிசத்துக்குப் பிறகும் தண்ணி விளிம்பிலை நிண்டால் வால்வ் சரி. மெல்லக் கீழை போனால் இன்னும் ஒழுகுது, இல்லாட்டி இழுவைப் பைப்பிலை வெடிப்பு. இழுவைப் பக்கத்து வெடிப்பு மோட்டர் ஓடேக்கை வெளியிலை ஒழுகாது, காத்தைத்தான் இழுக்கும். குழாயிலை தண்ணி விட்டு விட்டு வரும். ஒவ்வொரு மூட்டிலையும் நனைஞ்ச துணியை இறுக்கிச் சுத்திப் பாருங்கோ. எந்த மூட்டிலை சுத்த முள்ளின்ரை நடுக்கம் நிக்குதோ, அந்த மூட்டை வெட்டி ஒட்டுங்கோ.

ஆவணி, புரட்டாதியிலை கிணறு வத்தேக்கை இன்னொரு விசயம். மேலை வைச்ச மோட்டர் ஏழு, எட்டு மீற்றருக்குக் கீழை இருந்து இழுக்காது. அது ஒழுக்கில்லை. அதுக்குப் பாகம் மாத்திப் பிரயோசனமுமில்லை.

கோண்டாவில்:
வீட்டுப் பக்கம் எண்டால் ரொய்லெட் சிஸ்ரேனிலை தொடங்குங்கோ. உடுப்புக்குப் போடுற நீலம் நாலு சொட்டு சிஸ்ரேனுக்குள்ளை விட்டு, தண்ணி அடியாமல் கால் மணித்தியாலம் பொறுங்கோ. கோப்பைக்குள்ளை நீலம் தெரிஞ்சால் அடி வாசர் பழுதாய்ப் போட்டுது. அது சரியெண்டால் குசினி, குளியலறை, தோட்டம் எண்டு ஒவ்வொரு கிளையாய்ப் பூட்டி முள்ளைப் பாருங்கோ. மண்ணுக்குள்ளை போற பைப்பிலை எண்டால், தோண்டி மாத்தேக்கை கீழையும் மேலையும் மணல் போட்டு மூடுங்கோ. கல்லு பைப்பிலை முட்டிக்கொண்டு கிடந்தால், மோட்டர் ஏத்தி இறக்கிற ஒவ்வொரு தரமும் பைப் அதிலை உரஞ்சி அதே இடத்திலை திரும்பவும் ஓட்டை விழும்.