செல்ஃப் டைமர் போதுமாம், கேபிள் ரிலீஸ் வீண் செலவாம்

வெள்ளிரோல்:
நேத்து ராத்திரி படிச்சதிலிருந்து மனசு ஆறலை. நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவுக்கு எந்த கேபிள் ரிலீஸ் (பட்டன்ல திருகி, கேமராவைத் தொடாம அமுக்குற கம்பி) வாங்கலாம், கொடைக்கானல் போய் நட்சத்திரம் நகர்றது கோடா விழற மாதிரி படம் எடுக்கணும்னு 'புதுநெகட்டிவ்' தம்பி கேட்டிருந்தார். அதுக்கு 'ரோல்36' கொடுத்த பதில்: "கேபிள் எல்லாம் வீண் செலவு. செல்ஃப் டைமரைத் தள்ளி விடுங்க, போதும்." அந்தத் தம்பியும் நன்றி சொல்லிட்டுப் போயிட்டார்.

எஃப்எம்2-ல மெதுவான ஷட்டர் வேகமே 1 செகண்ட்தான். அதைத் தாண்டினா 'பி' (பல்ப்)ங்கிற நிலைதான். பி-யில் பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் ஷட்டர் திரை திறந்திருக்கும். இருபது நிமிஷம் கொடைக்கானல் குளிர்ல விரலை வெச்சு யார் நிக்கிறது? பூட்டு உள்ள கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. அதையும் வாங்காதேன்னு ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுக்கிறது தப்பு. பழைய கேமராவில் கவலையே வேண்டாம், கேபிளைத் திருகுற மரை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

ரோல்36:
பேரைச் சொல்லியே ஆரம்பிச்சிருக்கீங்க சார், சரி. ஆனா நான் எழுதினதுல பாதியை விட்டுட்டீங்க. எஃப்எம்2-ல செல்ஃப் டைமரைப் போட்டு பட்டனை அமுக்கினா வியூஃபைண்டருக்குக் காட்சி காட்டுற மிரர் அப்பவே மேலே போயிடும், லென்ஸ் துவாரமும் சுருங்கிடும். சுமார் பத்து செகண்ட் கழிச்சு திரை மட்டும் ஓடும். மிரர் அடிச்ச அதிர்வு அதுக்குள்ள அடங்கியிருக்கும். கேபிள்ல அமுக்கினா மிரர் அடிச்ச கையோட திரை திறக்குது. 135 எம்எம் லென்ஸைப் போட்டு 1/15, 1/8 செகண்ட்ல ரெண்டு விதமாவும் எடுத்துட்டு நெகட்டிவை லூப் (பூதக்கண்ணாடி) வெச்சுப் பாருங்க. மிரர் முன்னாடியே மேலே போகுது, அதுதான் விஷயம்.

வெள்ளிரோல்:
தம்பி, கேட்டது நட்சத்திரம். இருபது நிமிஷத்துல மிரர் ஆடுற நேரம் அரை செகண்ட் கூட இருக்காது. அதனால படம் கெடாது. அப்படியும் பயமா இருந்தா கறுப்பு அட்டையை லென்ஸுக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டு கேபிளைப் பூட்டு, நாலு செகண்ட் பொறுத்து அட்டையை எடு. எங்க காலத்துல தொப்பியை வெச்சே செய்வோம்.

இருட்டறை:
ரோல்36, பென்டாக்ஸ் கே1000 வெச்சிருக்கிறவன் என்ன செய்யணும்? 1976-லிருந்து 1997 வரைக்கும் வந்த கேமரா. அதுல செல்ஃப் டைமரே கிடையாது.

ரோல்36:
அவர் கே1000 கேட்கலை. எஃப்எம்2 கேட்டார். எஃப்எம்2-ல டைமர் போட்டா மிரர் முன்னாடியே மேலே போகுதா இல்லையா?

கொழும்புத்துறையான்:
மரை எல்லாத்துக்கும் ஒண்டு எண்டு வெள்ளிரோல் ஐயா எழுதினது பிழை. என்னட்ட நிக்கான் எஃப்2 இருக்கு. அதின்ர பட்டனுக்கு நடுவில மரை இல்லை, சுத்திவர வெளியில இருக்கு. பழைய நிக்கான் எஃப்-உம் அப்படித்தான், மரை லென்ஸ் பூட்டுற பழைய லைக்காவும் அப்படித்தான். அதுக்கு மணி மாதிரிக் கவிழ்ந்த முனை உள்ள கேபிள் வேணும், நிக்கான் ஏஆர்-2 எண்டு விற்றது. எஃப்எம்2, எஃப்3-க்கு ஏஆர்-3. சாதாரணக் கேபிளை வாங்கிக்கொண்டு வந்து எஃப்2-வில பூட்டப் பார்த்துக் காசைக் கரியாக்கினவன் நான். உங்கட பேச்சை நம்பி இன்னொருத்தர் வாங்கக்கூடாது.

வெள்ளிரோல்:
நான் பேசினது எஃப்எம்2-வைப் பத்தி. எஃப், எஃப்2 தனி ஜாதி, அது யாருக்குத்தான் தெரியாது?

ரோல்36:
"மரை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்." இது மேலே நீங்க எழுதினது. நான் எழுதின ஒரு வரியைப் பிடிச்சு இழை ஆரம்பிச்சவர், உங்க வரியை மட்டும் விட்டுடச் சொல்றீங்க.

வெள்ளிரோல்:
எஃப்எம்2, எஃப்இ, ஏஇ-1, கே1000, ஓஎம்-1, யாஷிகா எலக்ட்ரோ 35, யாஷிகா மேட் 124ஜி, அட லைக்கா எம்3 வரைக்கும் ஒரே கூம்பு மரை. ஒரே கேபிளை இதுல பாதிக்கு மேல நானே மாட்டியிருக்கேன். 1988-ல மூர் மார்க்கெட்ல வாங்கினது, இன்னைக்கும் வேலை செய்யுது. துணி சுத்தின கேபிள், வட்டத் தட்டுப் பூட்டு.

இருட்டறை:
மூர் மார்க்கெட் 1985-லயே எரிஞ்சு போச்சே அண்ணே. 1988-ல எங்கே வாங்கினீங்க?

வெள்ளிரோல்:
எரிஞ்ச பிறகு கடைக்காரங்க எல்லாரும் பக்கத்துல லில்லி பாண்ட் வளாகத்துக்குப் போனாங்க. அதையும் மெட்ராஸ்காரன் மூர் மார்க்கெட்னுதான் சொல்வான். சென்ட்ரல்ல இறங்கி ஒரு தடவையாவது போயிருந்தா இந்தக் கேள்வி வந்திருக்காது.

இருட்டறை:
நான் பிறந்ததே வால்டாக்ஸ் ரோடு அண்ணே. எனக்கு மெட்ராஸ் சொல்லித் தர வேண்டாம்.

வெள்ளிரோல்:
விஷயத்துக்கு வர்றேன். கேபிள் வாங்கப் போறவங்க அட்டையில என்ன பேர் போட்டிருக்குன்னு பார்க்காதீங்க. கையில எடுத்து அமுக்குங்க. முனையிலிருந்து ஊசி எவ்வளவு வெளியே வருதுன்னு பாருங்க. சிலதுல ஊசி குட்டை, கேமராவுக்குள்ள எட்டாது. மரையைத் திருகியாச்சு, அமுக்கியாச்சு, ஷட்டர் விழலைன்னா முக்கால்வாசி அதுதான். அடுத்து, பூட்டைப் போட்டுட்டு கேபிளை உதறுங்க. ஊசி உள்ளே போச்சுன்னா கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க.

இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். பூம்பாறைக்கு மேலே ஒரு மேட்டுல, டிசம்பர் மாசம். முக்காலி காலை மண்ணுக்குள்ள அழுத்தி, எஃப்எம்2-வை வடக்கே திருப்பி, துருவ நட்சத்திரத்தை ஃபிரேமுக்குக் கீழ் ஓரத்துல வெச்சேன். நம்ம ஊர்ல அது அடிவானத்துலேருந்து பத்து டிகிரி உயரத்துலதான் நிக்கும். அப்ப வெச்சிருந்தது புதுசா வாங்கின பிளாஸ்டிக் கேபிள், திருகுப் பூட்டு. பூட்டிட்டு ஜீப்புக்குள்ள போய் உட்கார்ந்தேன். திரும்பி வந்து பார்த்தா பூட்டு இளகி, ஊசி தானா ஏறியிருக்கு. திரை எப்ப மூடுச்சுன்னே தெரியலை. கழுவிப் பார்த்தா நட்சத்திரம் ஒவ்வொண்ணும் நெல்லுமணி நீளம். அதுக்கப்புறம்தான் பெட்டியிலிருந்து பழைய துணிக் கேபிளை எடுத்தேன்.

கேபிளை விறைப்பா இழுத்துப் பிடிக்காதீங்க. நடுவுல ஒரு தொய்வு இருக்கணும். விறைப்பா இருந்தா உங்க கை நடுக்கம் நேரா கேமராவுக்குப் போகும், அப்புறம் கேபிள் எதுக்கு? அரை மீட்டர் நீளம் போதும்.

ரோல்36:
ஆக உங்க கேபிள் வழுக்கி ஒரு ராத்திரி போச்சு. என் டைமர் இதுவரைக்கும் வழுக்கினதில்லை.

வெள்ளிரோல்:
உங்க டைமர் பி-க்கே உதவாது, அப்புறம் எங்கே வழுக்கும்? நட்சத்திரத்தை விடுங்க. கோயில் பிரகாரத்துல சாயங்காலம் டிரை-எக்ஸ் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ரோல் போட்டு எடுக்கிறோம். மீட்டர் கணக்கு 10 செகண்ட் வருது. இவ்வளவு நேரம் திறந்தா ஃபிலிமோட உணர்திறன் குறையும், அதனால கோடாக் அட்டவணைப்படி 50 செகண்ட் கொடுக்கணும். இல்ஃபோர்டு எச்பி5-ஆ இருந்தாலும் 20 செகண்ட் ஆகும். 1 செகண்டைத் தாண்டின எல்லாத்துக்கும் கேபிள் வேணும்.

இருட்டறை:
எந்தக் கோயில்? தஞ்சாவூர் பெரிய கோயில்ல முக்காலி வைக்கணும்னா தொல்லியல் துறை அனுமதி வேணும். இதையும் சேர்த்து எழுதுங்க. பாவம், இதை நம்பித் தூக்கிட்டுப் போவாங்க.

வெள்ளிரோல்:
அனுமதி வாங்கித்தான் எடுத்தேன். கடிதத்தைப் போட்டோ எடுத்துப் போடணுமா?

கொழும்புத்துறையான்:
இன்னொண்டு. கெனான் ஏஇ-1 வச்சிருக்கிற ஆக்கள் பி-யில கனநேரம் திறந்து வைக்காதேங்கோ. அதின்ர ஷட்டரை மின்காந்தம்தான் பிடிக்குது, திறந்திருக்கிற நேரம் முழுக்க பற்றரி குடிக்கும். 6 வோல்ட் பற்றரி குளிருக்குள்ள ஒரே இரவில போயிடும். எஃப்எம்2 முழுக்க இயந்திரம், பற்றரி மீட்டருக்கு மட்டும். இதில வெள்ளிரோல் ஐயா சொல்லுறது சரி. மரை விசயம் பிழைதான்.

புதுநெகட்டிவ்:
அண்ணன்களா, கேள்வி கேட்டது நான்தான். ஒரு கேபிள் வாங்கிட்டேன். மாட்டி அமுக்கினா பட்டன் இறங்கவே இல்லை. ஊசி நல்லா நீளமாத்தான் வருது.

ரோல்36:
ஃபிலிம் சுத்துற லீவர் கேமரா உடம்போட ஒட்டி உள்ளே தள்ளியிருக்கா? எஃப்எம்2-ல அப்படி இருந்தா பட்டன் பூட்டிக்கும். லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து விட்டு அமுக்குங்க. வேகமா அமுக்கிடாதீங்க, உள்ளே ஏதாவது வளைஞ்சிடும்.

புதுநெகட்டிவ்:
விழுந்துடுச்சு அண்ணா! ரொம்ப நன்றி.

வெள்ளிரோல்:
பார்த்தீங்களா, தம்பி கேபிள்தான் வாங்கியிருக்கார்.

ரோல்36:
வாங்கட்டும். அந்தக் கேபிள்ல 1/8-ல ஒரு படம், டைமர்ல 1/8-ல ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுங்க. காலையிலிருந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். எஃப்எம்2-ல டைமர் போட்டா மிரர் முன்னாடியே மேலே போகுதா இல்லையா? போகும்னு ஒரு வார்த்தை எழுத ஏன் இவ்வளவு கஷ்டம்?

வெள்ளிரோல்:
இருபது நிமிஷம் பட்டனை யார் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுன்னு நான் முதல் பதிவுலயே கேட்டேன். அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

ரோல்36:
மிரர் சார், மிரர்.

இருட்டறை:
லில்லி பாண்ட் வேற, மூர் மார்க்கெட் வேற.